மலையடியில் நிற்கும் கேபினில் இனி ஆள் வேண்டாம்: பினாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மனிதவள அமைச்சுக்கும், வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கும், சிஐடிபி என்று நாங்கள் சொல்லும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்துக்கும், பினாங்கு மாநில அரசுக்கும்,

வணக்கம்.

நான் புக்கிட் மெர்தாஜாமில் குடியிருக்கும் எஸ்கவேட்டர் ஆப்பரேட்டர். கல்குவாரி, மலையோரச் சாலை, அடுக்குமாடி வீடுகளுக்கு நிலம் வெட்டிச் சமன் செய்யும் வேலை என்று பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையிலும் என் காலம் கேபினுக்குள்ளேயே போயிருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசுவோம். அப்படிப் பேசியதில் எல்லாருக்கும் ஒத்துப்போன ஒரு விஷயத்தை உங்கள்முன் வைக்கத்தான் இந்த மடல்.

எந்த இடத்தில் இயந்திரத்துக்குள் மனிதன் உட்காரவே கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள். வெடி வைத்த பாறையின் அடி, மழையில் ஊறிய வெட்டுச்சரிவின் அடி, ஏற்கெனவே சரிந்து கிடக்கும் மண்: இந்த மூன்று இடத்துக்கும் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரமோ, தானாக இயங்கும் இயந்திரமோ மட்டுமே போக வேண்டும். அந்த இயந்திரங்களை இயக்குபவர்கள் இன்றைக்குக் கேபினில் உட்கார்ந்திருக்கும் நாங்களாக இருக்க வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை.

ஏன் கேட்கிறோம் என்பதற்குத் தூரதேசத்து உதாரணம் தேவையில்லை. 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு வருடம் முழுதாகப் போவதற்குள், 2018 அக்டோபர் 19-ஆம் தேதி, பாயா தெருபோங் பக்கம் புக்கிட் கூகூஸ் சாலை வேலையில் இன்னொரு சரிவு. 9 பேர் போனார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மார் என்று வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2022 மார்ச்சில் பக்கத்து மாநிலமான பேராக்கில், கெராமாட் பூலாய் கல்குவாரியில் பாறை இடிந்து இரண்டு தொழிலாளர்கள் புதைந்துபோனார்கள். அவர்களைத் தேடி எடுக்கப் போனவர்களும் அதே பாறையின் கீழே நின்றுதான் தோண்ட வேண்டியிருந்தது. தேட வந்தவர்களும் ஆபத்தில்தான் நின்றார்கள்.

கேபினுக்குள் இருப்பவன் இரும்புக் கூண்டில் பத்திரமாக இருக்கிறான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அந்தக் கூண்டு எதுவரைக்கும் தாங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இயந்திரம் உருண்டால் நசுங்காமல் இருக்க ஒரு சட்டகம் உண்டு. மேலிருந்து கல் விழுந்தால் தாங்க ஒரு கவசம் உண்டு. உலகத்தரப்படி கடினமான வேலைக்கான கவசத்தைச் சோதிக்கும்போது, 227 கிலோ எடையை ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். அதைத் தாங்கினால் தேர்ச்சி. நம் பினாங்குக் கருங்கல்லில் ஒரு கனமீட்டர் இரண்டரை டன்னுக்கு மேல் நிறுக்கும். அது 20 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, கீழே உள்ள கவசத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மண்ணே மொத்தமாக மூடிவிட்டால் அந்தக் கணக்கும் வேண்டாம்.

ஓடித் தப்பிக்கலாமே என்று கேட்பார்கள். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் இரண்டு விநாடிக்குள் தரைக்கு வந்துவிடும். 20 டன் எஸ்கவேட்டரின் முழு வேகமே மணிக்கு ஐந்து ஐந்தரை கிலோமீட்டர்தான். அந்த இரண்டு விநாடியில் அது 3 மீட்டர்கூட நகராது. அதுவும் ஆப்பரேட்டர் கல்லை முன்கூட்டியே பார்த்து, இயந்திரம் உருண்டு நகரும் செயின் சரிவுக்கு நேர்க்குத்தாக நின்று, பின்னால் லாரி இல்லாமல் வழி திறந்திருந்தால்.

நம் மலைக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. பினாங்கு மலைகள் கருங்கல் மலைகள். யுகக்கணக்கான மழையிலும் வெயிலிலும் மேல்பகுதி உளுத்து மண்ணாகிவிட்டது. ஆனால் அந்த மண்ணுக்குள்ளே உளுக்காத உருண்டைப் பாறைகள் அங்கங்கே புதைந்திருக்கின்றன. பக்கெட் பல்லுக்கு எல்லாம் மண்ணாகத்தான் தெரியும். தோண்டிக்கொண்டே போனால் திடீரென்று ஒரு லாரி அளவுக்குப் பாறை முகம் காட்டும். அதற்குக் கீழே இருந்த மண்ணைத்தான் நாம் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரியும். சரிவுப் பொறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மண்ணைச் சோதிக்க அவர் போட்ட துளைகளுக்கு நடுவில் இருக்கும் பாறை வரைபடத்தில் வராது.

தீவில் நடந்த ஒரு வேலை. பெயர் வேண்டாம். முதல் நாள் ராத்திரி விடாத மழை. காலையில் போய்ப் பார்த்தால் சரிவின் அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிகிறது. தெளிந்த தண்ணீர் என்றால் பயம் கொஞ்சம் குறைவு. கலங்கலாக வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். என்னோடு வேலை செய்த தம்பி மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணே, மேல வெடிப்பு விட்டிருக்கு. கை நுழையுது" என்றான். சூப்பர்வைசரிடம் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. போனில் பேசிவிட்டு வந்தார். "லாரிங்க வரிசையா நிக்குது. இதுக்கு மட்டும் லோட் ஏத்தி அனுப்பிட்டு நிறுத்திக்கலாம்ணே" என்றார்.

தம்பி கேபினில் ஏறினான். கதவை மூடவில்லை. பின்னுக்குத் தள்ளிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். சரிவின் கீழே வேலை செய்கிறவர்கள் பலர் இப்படிக் கட்டிக்கொள்வார்கள். மண் வந்தால் குதித்துவிடலாம் என்ற நம்பிக்கை. அதே காரணத்துக்காக சீட் பெல்ட்டும் போட மாட்டார்கள். பெல்ட் போடாதது தவறுதான், இயந்திரம் உருண்டால் அந்தப் பெல்ட்தான் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அவன் ஏன் போடவில்லை என்று கேட்கப் போனால், கேள்வி அந்தச் சரிவில்தான் போய் நிற்கும். அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைட்டில் ஆளில்லாத நேரத்தில், அந்த வெடிப்பிலிருந்து மண் இறங்கியது.

அந்த எஸ்கவேட்டரைத் தொலைவிலிருந்து இயக்க வழி இருந்திருந்தால், தம்பி சைட் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி மண்ணை வெளியே இழுத்துப் போட்டிருப்பான். தள்ளி நிற்கும் இன்னொரு இயந்திரம் அதை லாரியில் ஏற்றியிருக்கும். வேலை கொஞ்சம் தாமதமாகியிருக்கும். அவ்வளவுதான்.

"உங்களுக்குத்தான் மறுக்கும் உரிமை கொடுத்திருக்கிறோமே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். முதலாளிக்கான அபராதத்தின் உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டுக்கு ஏறியது. உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நல்ல திருத்தம், அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் சைட்டில் அது எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். இயந்திரம் மணிக்கணக்கு வாடகையில் வந்திருக்கிறது. லாரிக்காரர் ட்ரிப் கணக்கில் சம்பாதிக்கிறார். வங்காளதேசத்துத் தம்பியின் வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. இவர்களில் யார் முதலில் கையைத் தூக்கி "நான் போக மாட்டேன்" என்று சொல்வது? ஆபத்தை அளந்து பார்த்து மறுக்கும் சுமையைக் கடைசியில் நிற்கிற ஆளின் தலையில் வைத்திருக்கிறோம். அந்த இடத்துக்கு மனிதன் போகக்கூடாது என்று முன்கூட்டியே சட்டம் சொல்லிவிட்டால், யாரும் யாரையும் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை.

இப்படிக் கோடு போடுவது பினாங்குக்குப் புதிதும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் இருந்தாலும், 25 பாகைக்கு மேல் சரிவாக இருந்தாலும் அது மலைநிலம், அங்கே கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று மாநிலம் வகுத்திருக்கிறது. வீடு எங்கே எழும்பக்கூடாது என்று சொல்ல முடிந்தால், மனிதன் எங்கே உட்காரக்கூடாது என்றும் சொல்ல முடியும்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். இது கனவு இல்லை. ஜப்பானில் ஊன்சென் எரிமலை 1991 ஜூனில் சீறியபோது 43 பேர் இறந்தார்கள். அப்புறமும் மலை அடங்கவில்லை. ஆனால் அடிவாரத்து ஊர்களைக் காப்பாற்ற, இறங்கி வந்த பாறையையும் சேற்றையும் அள்ளியே ஆக வேண்டும். 1994-இல் ஜப்பானியக் கட்டுமான அமைச்சு ஆளில்லாத எஸ்கவேட்டர்களையும் புல்டோசர்களையும் லாரிகளையும் அங்கே இறக்கியது. ஆப்பரேட்டர்கள் ஆபத்துப் பகுதிக்கு வெளியே உட்கார்ந்து, கேமராப் படத்தைப் பார்த்தபடி ரேடியோ வழியாக இயக்கினார்கள். 2011-இல் புக்குஷிமா அணுமின் நிலையத்தில் உலைக் கட்டடங்கள் வெடித்தபோது இடிபாடுகளை அகற்றவும் இதே வழிதான் கைகொடுத்தது. முப்பது ஆண்டுக்கு முன்பே ஒரு நாட்டின் அரசாங்கம் முன்னின்று செய்த வேலை இது. தனியார் கம்பெனி மனம் வைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

சுரங்கங்களில் இது இன்னும் வளர்ந்துவிட்டது. 2008 முதல் சிலியின் ஒரு செம்புச் சுரங்கத்திலும் ஆஸ்திரேலியாவின் பில்பாரா என்ற இரும்புச் சுரங்கப் பகுதியிலும் 200 டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிகள் ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கின. பில்பாராவில் ஓடும் லாரிகளைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளிப் பெர்த் நகரில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். நம் நாட்டிலும் ஆள் இருக்கிறது. கோலாலம்பூரில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. ரயில் தடத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது, தோண்டும் இயந்திரத்தின் திசையையும் வேகத்தையும் அழுத்தத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் முறையை எம்எம்சி கமுடா நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். கோலாலம்பூருக்கு அடியில் பல இடங்களில் இருப்பது குகையும் ஓட்டையுமான சுண்ணாம்புப் பாறை. அப்படிப்பட்ட தரையைக் குடைந்து பழகிய மலேசியர்களின் கையில், மலைச்சரிவில் ஓர் எஸ்கவேட்டரை ஆளில்லாமல் நிறுத்த முடியாதா? முடியும் என்றுதான் நம்புகிறோம். தரைக்கு அடியில் வந்த அறிவு, தரைக்கு மேலே மலையோரத்துக்கு இன்னும் வரவில்லை. இதுவே எங்கள் ஆதங்கம்.

எல்லாம் ஒரே நாளில் தானாக ஓடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். பில்பாரா பரந்த வெட்டவெளி. ஒரே பாதையில் ஒரே லாரி ஆயிரம் தடவை போய்வரும். நம் மலையோரச் சைட் நெருக்கடியானது, தினமும் வடிவம் மாறுவது. செயற்கைக்கோள் சமிக்ஞையை மலையே பாதி மறைத்துவிடும். சாயங்காலம் இடி மழை பிடித்தால் கேமராவும் லேசர் உணரியும் கண் மங்கிப்போகும். லென்ஸில் சேறு அடித்தால் துடைக்க ஆள் போக வேண்டும். இன்னொன்று, ஆப்பரேட்டருக்கு மட்டுமே புரிவது: பாறையில் பக்கெட் பட்டால் முதலில் தெரிவது கண்ணுக்கல்ல, சீட்டுக்கு. இடுப்பில் ஒரு அதிர்வு வரும். என்ஜின் சத்தம் ஒரு மாதிரி இறங்கும். அதை வைத்துத்தான் கீழே மண்ணா பாறையா, செயின் வழுக்குகிறதா என்று முடிவு செய்கிறோம். திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த அதிர்வு இருக்காது. அதனால் ஆரம்பத்தில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அந்தத் தாமதத்தை வேலை அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால், நேரம் போதவில்லை என்று சொல்லி மறுபடியும் ஆளைக் கேபினில் ஏற்றிவிடுவார்கள்.

எனவே சரிவிலும் பாறையடியிலும் எஸ்கவேட்டரை மனிதன் தொலைவிலிருந்து இயக்குவதில் தொடங்குங்கள். மண்ணை ஏற்றிக்கொண்டு ஒரே பாதையில் போய்வரும் லாரி, ஒரே தளத்தை உருட்டும் ரோலர், மண் பரப்பும் புல்டோசர், இவையெல்லாம் தானாக இயங்கும் நிலைக்குப் பிறகு வரலாம். சமிக்ஞை அறுந்தால் இயந்திரம் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பதும், அவசர நிறுத்தப் பொத்தான் யார் கையில் இருக்க வேண்டும் என்பதும் விதியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நாம் புதிதாக எழுத வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 2015-லேயே தானியங்கிச் சுரங்க இயந்திரங்களுக்கு நடைமுறை விதிகள் வெளியிட்டது. இதே மாதிரி இயந்திரங்களின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 17757 என்ற உலகத்தரம் 2017-இல் வந்தது. அவற்றை நம் மழைக்கும் மலைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஆளில்லா இயந்திரத்தை வாங்கி நிறுத்திவிட்டு, பழையபடி ஆட்களையும் பக்கத்திலேயே நடமாட விட்டால் அது பழைய நிலைமையைவிட மோசம். இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். 2014-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜிம்பிள்பார் சுரங்கத்தில், ஆள் ஓட்டிய தண்ணீர் லாரியும் ஆளில்லாச் சுமை லாரியும் மோதிக்கொண்டன. ஒன்று என்ன செய்யப்போகிறது என்பது மற்றதற்குத் தெரியவில்லை. 2019-இல் கிறிஸ்துமஸ் கிரீக் சுரங்கத்தில், நின்றுகொண்டிருந்த ஒரு தானியங்கி லாரிமேல் இன்னொன்று இடித்தது. வயர்லெஸ் தொடர்பில் ஏற்பட்ட கோளாறு பற்றி அப்போது பேசப்பட்டது. அந்த லாரிகளில் ஆள் இல்லாததால் ஆளுக்குச் சேதமில்லை. எனக்கு இதிலிருந்து புரிவது, முதலில் காலியாக வேண்டியது இடம். இயந்திரம் அப்புறம். வேலி போட்டு, ஆள் நுழைந்தால் எல்லா இயந்திரமும் நிற்கும்படி செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

புக்கிட் கூகூஸை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அங்கே மண் சரிந்தது தொழிலாளர்கள் தங்கியிருந்த கொள்கலன் வீடுகள்மேல். ஆளில்லா எஸ்கவேட்டர் நூறு நின்றிருந்தாலும் அந்த 9 பேரையும் காப்பாற்றியிருக்காது. கொங்சி வீட்டை, அதாவது தொழிலாளர் தங்குமிடத்தை, சரிவுக்கு அடியில் வைக்காமல் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஆகவே நாங்கள் கேட்கும் ஆளில்லாப் பகுதி ஆப்பரேட்டருக்கு மட்டும் உரியதில்லை. சரிவில் கயிற்றில் தொங்கி மண் ஆணி அடிக்கிறவர்கள், சிமெண்ட் கலவை பீய்ச்சுகிறவர்கள், விசிலோடு நிற்கும் சிக்னல்மேன், மதியச் சோற்றை நிழல் தேடி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், எல்லாரும் அந்தக் கோட்டுக்கு வெளியே வர வேண்டும். "யாராவது உள்ளே போய்த்தானே ஆகணும்" என்ற பேச்சு இத்தனை நாள் செல்லுபடியானது. ஆள் போகாமலே வேலை செய்யும் இயந்திரம் இருக்கிறது என்றான பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது எங்கள் வயிற்றுப்பாடு. இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஜப்பானின் அகிதாவில் நாருசே அணை கட்டும் இடத்தில், ஒரு சில பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பத்துக்கும் மேற்பட்ட தானியங்கி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார்கள். இந்தச் செய்தியை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெரியவர் கேட்டார்: "அப்போ மத்தவனுங்க எங்க போறது?" நியாயமான கேள்வி. எங்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போன கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்த அடியிலிருந்து மீளத்தான் 1960-இல் அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தலைமையில் தொழிலாளர் காசிலேயே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களில் ஏராளமானோர் லாரியிலும் எஸ்கவேட்டரிலும்தான் ஏறினார்கள். எங்களுக்குக் கிடைத்த கௌரவமான தொழில் இது. இதையும் ஒரு நாள் காலையில் இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டோம்.

அதற்காக அந்தச் சரிவின் கீழேயே எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கவும் மாட்டோம். உயிரா வேலையா என்று தொழிலாளியிடம் கேட்பது நியாயமில்லை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. தொலைவிலிருந்து இயக்குவதற்கு மண்ணைத் தெரிந்தவன்தான் வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டில் கை பழகியவனுக்குக் கைப்பிடி வேண்டுமானால் சீக்கிரம் வரும். பக்கெட்டின் எந்தக் கோணத்தில் மண் வழியும், எந்த நிறத்து மண் நீர் குடித்திருக்கிறது என்பது வராது. எனவே சிஐடிபியை நாங்கள் கேட்பது: தொலை இயக்கத்துக்கு ஒரு தனித் திறன் சான்றிதழ் ஏற்படுத்துங்கள், இப்போது தேர்ச்சி பெற்ற ஆப்பரேட்டர்களுக்கு அதில் முன்னுரிமை கொடுங்கள், பயிற்சியைத் தமிழிலும் மலாயிலும் செய்முறையாக நடத்துங்கள். எங்களில் பலருக்குப் பள்ளிப் படிப்பு குறைவு, ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். மனிதவள மேம்பாட்டு நிதிக்கு முதலாளிகள் லெவி என்ற கட்டாயத் தொகை கட்டுகிறார்கள். அதிலிருந்து இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. கேபினிலிருந்து திரைக்கு மாறியவனின் கூலி முன்பைவிடக் குறையவும் கூடாது.

இந்த மாற்றத்தால் இதுவரை கேபினில் ஏற முடியாதவர்களுக்கும் கதவு திறக்கும். இடுப்பு போன ஆப்பரேட்டர்கள் எத்தனையோ பேர் வீட்டில் முடங்கியிருக்கிறார்கள். கேபின் குலுக்கல் செய்த வேலை அது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இயக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரலாம். என் மகளே கேட்டாள், "அப்பா, இது நான் செய்யலாமா?" என்று. செய்யலாம் என்றுதான் சொன்னேன்.

இனி காசு. ஆளில்லா வசதி பொருத்தினால் செலவு கூடும் என்று குத்தகையாளர்கள் சொல்வார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் டெண்டரில் பாதுகாப்புச் செலவு பொதுச் செலவோடு கலந்து ஒரே தொகையாகக் கிடக்கும்வரை, குறைந்த விலை போடுகிறவன் முதலில் வெட்டுவது அதைத்தான். நேர்மையாகக் கணக்குப் போடுகிற குத்தகையாளர் டெண்டரைத் தோற்பார். அதனால் மாநில அரசு தன் வேலைகளில், மலைச்சரிவு வெட்டு இருக்குமிடத்தில், ஆளில்லா இயந்திரச் செலவைத் தனி உருப்படியாக, எல்லாருக்கும் ஒரே நிலையான தொகையாக எழுதட்டும். அதில் யாரும் விலைப்போட்டி போட முடியாது. செய்த வேலைக்கு மட்டும் பணம் கொடுக்கட்டும். தீவில் எல்.ஆர்.டி. ரயில் வேலை தொடங்கிவிட்டது, மலையை வெட்டிச் சாலை போடுகிறோம். இனிவரும் ஒப்பந்தங்களில் இந்த ஒரு உருப்படியைச் சேர்க்கப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

சரிவு நடந்துவிட்ட பிறகான வேலைக்கு அரசாங்கமே இரண்டு மூன்று இயந்திரங்களை வடக்கில் ஓரிடத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். பெர்லிஸிலிருந்து பேராக் வரைக்கும் எங்கே மண் விழுந்தாலும் கொண்டுபோகலாம். இப்போது என்ன நடக்கிறது? பக்கத்துச் சைட்டில் யாரிடம் எஸ்கவேட்டர் இருக்கிறதோ அவரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் எந்த ஆப்பரேட்டரும் மறுக்க மாட்டான், மண்ணுக்கு அடியில் இருப்பவன் தன்னைப் போல ஒருவன் என்று அவனுக்குத் தெரியும். மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் மண்ணைப் பார்த்தபடியே உள்ளே போவான். அவனை அப்படிப் போக வைக்காதீர்கள். தீயணைப்பு மீட்புப் படையினருக்கும் எங்களுக்கும் சேர்த்தே அந்தப் பயிற்சியைக் கொடுங்கள்.

கல்குவாரிகளுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். வெடி வைத்த பிறகு தொங்கும் கற்களைத் தட்டிவிடும் வேலையையும், பாறையடியில் முதல் சுற்று அள்ளும் வேலையையும் மட்டும் ஆளில்லாமல் செய்யச் சொன்னால் போதும். அந்த இரண்டு வேலையிலும் இயந்திரம் அதிகம் நகராது. தொலை இயக்கத்துக்கு மிகச் சுலபமான இடம் அதுதான்.

இதற்கான வரைவை நீங்கள் எழுதும்போது எங்களையும் கூப்பிடுங்கள். பெரிய பேச்சாளர்கள் எங்களிடம் இல்லை. எந்தச் சரிவில் எங்கே நின்றால் தப்பிக்க வழியில்லை என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் சம்பளம் இழக்காமல் எல்லாரும் வர முடியும். புக்கிட் மெர்தாஜாமிலேயே வைத்தாலும் சரி, மாநில அரசு அலுவலகம் இருக்கும் கொம்தாருக்கு வரச் சொன்னாலும் சரி. வரும் பருவமழைக்கு முன்னால் அந்த முதல் கூட்டம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
எஸ்கவேட்டர் ஆப்பரேட்டர் ஒருவர்,
நண்பர்கள் சார்பாகவும்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு